கொதிக்காத தொட்டி

கொதிக்கிற தண்ணீரைப் பார்த்து ஒருவர் கொதிக்கவில்லை என்றால் அவருக்குக் கண்ணில் கோளாறு. இருவர் சொன்னால் விளையாட்டு. ஒரு துறையே சொன்னால் அது பாடத்திட்டம்.

அந்தக் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில், வாசலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு செம்புத் தொட்டி இருந்தது. துறையை நிறுவிய பேராசிரியர் தன் கையாலேயே வைத்துவிட்டுப் போனது. உடம்புச் சூட்டில், அதாவது முப்பத்தேழு டிகிரியில், சோதனைக்குழாய்களை நிறுத்தி வைப்பதற்கான தொட்டி. முன்பக்கத்து வட்டக் கண்ணாடிக்குள் முள் முப்பத்தேழில் நின்றது. மின்சாரம் போனாலும் முப்பத்தேழில்தான் நிற்கும். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவியபோதும் அங்கேயே நின்றதாகச் சொல்வார்கள். அவ்வளவு நம்பகமான முள்.

உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் நடைபாதையின் கோடி வரைக்கும் கேட்கும். ஆய்வகச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிரும். சன்னல் கண்ணாடிகளில் கோடையிலும் வியர்வை. ஆய்வக உதவியாளர் வாளியும் கையுமாகத் தொட்டியின் அருகிலேயே நின்று, குறையக் குறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். கொதிக்காத தொட்டியில் தண்ணீர் எப்படிக் குறைகிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. அவரையும் யாரும் கேட்டதில்லை. வெண்புகைக்கு நடுவே பாதி உடம்புதான் தெரியும் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘ஆவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் பொருந்துகிற பெயர். அவருடைய புருவங்கள் எப்போதோ போய்விட்டன.

தொட்டிக்கு மேலே சட்டம் போட்டு ஒரு வரைபடம். நிறுவனர் மையால் இழுத்த வளைவு. விருட்டென்று ஏறி, பிறகு களைத்துப்போய்ப் படுத்துவிடும்.

விஷயம் இதுதான். எச்சிலில் ஒரு நொதி இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அதன் வேலை. மாவு மிச்சமிருக்கும்வரை அயோடின் சொட்டு நீலமாக மாறும். உடைந்து தீர்ந்துவிட்டால் அயோடினின் மஞ்சள்தான் தெரியும். மாவைக் கூட்டிக்கொண்டே போனால் நொதியின் வேகமும் கூடும். ஓரளவுக்கு மேல் கூடாது; சுவரிலுள்ள வளைவு சொல்வது அதைத்தான். ஏன் கூடாது என்று கேட்ட மாணவர்களைக் கல்லூரி அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுவார்கள்: வரிசை எவ்வளவு நீண்டாலும் சன்னலுக்குப் பின்னால் இருப்பவரின் வேகம் அதேதான். நொதியின் இருக்கையில் வேலை செய்யாத ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, வேலைக்கு வந்ததை உட்கார விடாமல் செய்வதும் உண்டு. போட்டித் தடுப்பு என்று அதற்குப் பெயர். இதைத் துறைத் தலைவர் தன் நாற்காலியில் அமர்ந்தபடியே விளக்குவார். வேறு உதாரணம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

நொதியைக் கொதிக்க வைத்தால் அது செத்துப்போகும். இது முதலாம் ஆண்டுப் பாடம். கடைசி ஆண்டில் அதே பிள்ளைகள் தங்கள் எச்சிலைக் குழாயில் ஏந்திவந்து அந்தத் தொட்டியில் வைப்பார்கள். குழாய் நிறையச் செத்த நொதி. நீலம் நீலமாகவே நிற்கும். ஆனால் எல்லாருக்கும் வளைவு வந்துவிடும்.

முதலில் சுவரைப் பார்த்து வளைவை வரைந்துகொள்வார்கள். பிறகு வளைவிலிருந்து எண்களை இறக்கிக்கொள்வார்கள். துறையில் இதைப் ‘படிய வைப்பது’ என்பார்கள். சிலுப்பிக்கொண்டு நிற்கும் முடியை எண்ணெய் தடவிப் படிய வைப்பதில்லையா, அதுபோல எண்ணைப் படிய வைப்பது. நடைபாதையில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. படிந்ததா என்றுதான் கேட்பார்கள். படிக்க வந்தவர்கள் படிந்து, படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பேருந்து ஓட்டுநரின் மகள் செய்முறைத் தேர்வுக்கு வந்தது இங்கேதான்.

ஓட்டுநருக்குப் பார்வை மங்கிவிட்டதென்று வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். தாயில்லாத வீடு. மகள் பட்டத்தைக் கொண்டுவந்து காட்டினால் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது, தாமதமானால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஆக, அந்த வீட்டு அடுப்பு எரிவது இந்தச் செம்புத் தொட்டியைச் சார்ந்திருந்தது.

தேர்வன்று அவள் வாயைக் கொப்பளித்தாள், எச்சிலைப் பஞ்சில் வடிகட்டினாள், மாவுக்கரைசலில் கலந்தாள், தொட்டியில் வைத்தாள். ஆவி புகைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “சுடாதும்மா. ஆனா கைய மட்டும் உள்ள விட்டுடாத,” என்றார்.

சொட்டு எடுத்துப் பார்த்தாள். நீலம். காத்திருந்து பார்த்தாள். நீலம். பக்கத்து மேசைத் தோழி, முடியை வைத்து ‘சுருள்’ என்று அழைக்கப்படுகிறவள், அதற்குள் வளைவை வரைந்து முடித்து மையை ஊதிக்கொண்டிருந்தாள்.

“மஞ்சள்னு போடுடி.”

“நீலமா இருக்கே.”

“எனக்கு மட்டும் என்ன பச்சையாவா இருக்கு? போடுடின்னா.”

ஓட்டுநரின் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். அப்படி ஒரு மனித உயிர் இன்னும் பிறக்கவில்லை. அவளுடைய கோளாறு வேறு. கண்ணெதிரே ஒன்று இருக்கும்போது கை வேறொன்றை எழுத மறுத்தது. கலவை கொஞ்சம் மீந்திருந்தது. உடம்புச் சூடுதானே வேண்டும் என்று அந்தக் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். புரட்சி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. அக்குளில் குழாயை வைத்துக்கொண்டு எவரும் புரட்சி செய்ததாக வரலாறும் இல்லை. சற்று நேரம் கழித்து எடுத்துச் சொட்டுவிட்டாள்.

மஞ்சள்.

அவள் விடைத்தாளில் எழுதினாள்: தொட்டியில் நீலம். அக்குளில் மஞ்சள். தொட்டி கொதிக்கிறது.

துறைத் தலைவர் அதைப் படித்தபோது கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சுருள் பிற்பாடு சொன்னாளாம். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திய கதவைத் தாண்டியும் தளதளவென்ற சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“நானும் இங்கதாம்மா படிச்சேன்,” என்றார், மிகவும் அன்பாக. “எனக்கு வளைவு வந்துச்சு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் வந்துச்சு. இத்தனை வருஷமா ஒரு பிள்ளைக்கும் வராம இருந்ததில்ல. தொட்டி கொதிச்சிருந்தா எப்படி வந்திருக்கும்? சொல்லு.”

அவள் எப்படி வந்தது என்று சொல்லிவிட்டாள். சுவரைப் பார்த்து, என்றாள்.

தலைவர் அவளுடைய விடைத்தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, “எல்லாரும் சுவரைப் பார்த்துப் போட்டது சுவரோட ஒத்துப்போகுது. அதைவிட என்ன சான்று வேணும் உனக்கு?” என்று கேட்டார். “தொட்டி சரி. வளைவு சரி. மாவு அரசாங்க மாவு. மிச்சம் இருக்கிறது என்ன? உன் எச்சில்.”

இப்படியாக உமிழ்நீர் விசாரணைக் குழு அமைந்தது.

குழுவில் தலைவரும் அவர் சொல்வதை ஆமோதிப்பதற்குப் போதுமான உறுப்பினர்களும் இருந்தார்கள். ஓட்டுநரின் மகள் நீண்ட மேசையின் ஒரு முனையில் நின்று, அவர்கள் முன்னிலையில் ஒரு புனலில் துப்பினாள். பயத்தில் வாய் உலர்ந்து எச்சில் வரவில்லை. அதையும் குறிப்பில் ஏற்றினார்கள்: ‘சுரப்பு ஒத்துழைக்கவில்லை.’ கடைசியில் வந்த கொஞ்சத்தைத் தொட்டியில் வைத்தார்கள். நீலம். குழு எழுந்து நின்று நீலத்தைப் பார்த்தது. அக்குளில் வைத்தும் பாருங்கள் என்று அவள் கேட்டாள். அக்குள் இத்துறையின் அங்கீகரிக்கப்பட்ட உபகரணம் அல்ல என்று பதில் வந்தது.

முடிவு: இம்மாணவியிடம் நொதி இல்லை.

இதோடு விட்டிருந்தால் அது சாதாரண அநியாயம். ஆனால் படித்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அது இழுத்துக்கொண்டு போகிற இடத்துக்கெல்லாம் போவார்கள். ஆய்வகத்துக்கு வெளியே மாவுச்சத்து சர்க்கரையாகி, சர்க்கரை உடைந்து, உடம்புக்குச் சக்தி வருவது வரைக்கும் அம்புக்குறி போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. முதல் அம்புக்குறி அவளுக்கு இல்லை. அதனால் அடுத்ததும் இல்லை. குழு விரலால் தொட்டுக்கொண்டே படத்தின் அடி வரைக்கும் இறங்கியது. இந்தப் பெண்ணுக்குள் சர்க்கரை உண்டாகவில்லை. ஆகவே சக்தி உண்டாகவில்லை. ஆகவே வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்து வருவது அறிவியல்படி இவளால் இயலாது. இயலாத ஒன்றை வருகைப் பதிவில் ஏற்றியிருப்பது தவறு.

அவளுடைய வருகை முழுவதும் ரத்தாயிற்று. மூன்று வருடமும் அவள் வரவில்லை என்றாயிற்று. குழு அதை அவளிடமே நேரில் சொன்னது, வந்திருந்தபோது.

உணவகத்துக்கும் தகவல் போனது. அங்கே இருந்தவர் அவள் கேட்ட ரொட்டியைக் கொடுக்காமல், கருணையோடு ஒரு கோப்பை குளுக்கோஸ் தண்ணீரை நீட்டினார். “வேணாம்மா. உனக்கு அதெல்லாம் உள்ள போய் அப்படியே கிடக்குமாம்,” என்றார். வகுப்பில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டு பாடம் கேட்டாள். யாரும் அவளை நிற்காதே என்று சொல்லவில்லை. இல்லாதவளிடம் என்ன சொல்வது? மெல்ல மெல்ல மற்ற பிள்ளைகள் அவள் பக்கத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். ஒருநாள் அவள் படியேறும்போது, கீழே நின்ற இருவர் அவள் எந்தப் படியில் விழுவாள் என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. கேலியாகப் பேசவில்லை. கவலையாகத்தான் பேசினார்கள். மேல் படிக்குப் போனபோது உண்மையிலேயே அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

சுருள் மட்டும் ஒருமுறை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் கையில் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்தாள். “தின்னுடி. ஆனா செரிச்சா யார்கிட்டயும் சொல்லாத,” என்றாள்.

மகள் சொல்லாமல் விட்டாலும் ஓட்டுநருக்குச் செய்தி எட்டியது. இருக்கிற சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு, தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் அவர் தோளில் கைபோட்டுத் தொட்டியிடம் கூட்டிப்போனாராம். நீங்களே பாருங்கள், பெரியவரே, கொதிக்கிறதா என்றாராம். ஓட்டுநர் குனிந்தார். கண்ணாடி மொத்தமும் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. துடைத்துவிட்டுக் குனிந்தார். மறுபடியும் வெள்ளை. கேட்கவாவது கேட்கிறதா என்றால், ஆயுள் முழுக்க இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டிய காது. அதற்குள் எப்போதுமே ஒரு தளதளப்பு உண்டு.

வீட்டுக்கு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலம்மா,” என்றார். அது சத்தியம்.

“கொதிக்குதுப்பா.”

“கொதிக்கட்டும். பனியில வண்டி ஓட்டுறப்போ என்ன பண்ணுவோம் தெரியுமா? ரோட்டைப் பாக்கமாட்டோம். முன்னால போற வண்டியோட சிவப்பு விளக்கைப் பாத்துக்கிட்டே போயிடுவோம்.”

“அந்த வண்டி பள்ளத்துல விழுந்தா?”

ஓட்டுநர் கொஞ்சம் யோசித்தார். “நாமளும் விழுவோம்தான். ஆனா தனியா விழுந்தோம்னு ஒருத்தன் சொல்லமுடியாது பாரு,” என்றார். பிறகு, வேறு குரலில், “அந்த ஆசுபத்திரிக்காரங்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பாங்களாம். வளைஞ்சு குடுத்துடும்மா,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் இப்போது ஆவி எதுவும் இல்லை.

மறுநாள் அவள் மறுதேர்வு கேட்டாள். துறை பெருந்தன்மையோடு அனுமதித்தது.

மறுதேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். நடுநிலையானவர் வேண்டும் என்பதற்காக அதே துறையில் படித்த ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க மாணவர்கள் எல்லாரையும் ஆய்வகத்தில் கூட்டியிருந்தார்கள். சன்னல்கள் மூடியிருந்தன. ஆவி இருந்த இடத்தில் ஆவிதான் தெரிந்தது, ஆளைக் காணோம். வாளி மட்டும் புகைக்குள்ளிருந்து வந்து வந்து போயிற்று.

அவள் குழாயை வைத்தாள். எடுத்தாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் அயோடின் மேல் ஒரு சொட்டு விட்டாள். வரும்போது மஞ்சள் என்று எழுதத்தான் வந்திருந்தாள். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் சொட்டு கருநீலமாக, கண்விழிபோல, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன நிறம்?” என்றார் வெளித்தேர்வாளர்.

அவள் வாயைத் திறந்தாள். மஞ்சள் வரவில்லை. “சார், தொட்டி கொதிக்குது. நம்பலைன்னா யாராவது கைய விட்டுப் பாருங்க,” என்றாள்.

அவள் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். துறைத் தலைவர் எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வலது கைச் சட்டையைப் பொறுமையாக முழங்கை வரை மடித்தார்.

“சார்,” என்று புகைக்குள்ளிருந்து ஆவியின் குரல் கேட்டது. “வேணாம் சார்.”

தலைவர் கையைத் தொட்டிக்குள் விட்டார்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நெற்றியில் ஒரு நரம்பு மட்டும் புடைத்து எழுந்தது. அந்த மனிதர் நடிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முள்ளைப் பார்த்தபடி நின்றார். முள் அசையவில்லை, அவரும் அசையவில்லை.

“முப்பத்தேழு,” என்றார் தலைவர். “இதமா இருக்கு.”

தண்ணீருக்குள் அவருடைய கை சிவந்துகொண்டு வந்தது. வெளித்தேர்வாளர் குறிப்பு எழுதினார். பின்வரிசையில் ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. தலைவர் கையை எடுக்கவில்லை. எடுக்கும்படி யாரும் சொல்லவுமில்லை. எடுங்கள் என்று சொன்னால் சுடுகிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அத்தனை படித்தவர்கள் இருந்த அந்த அறையில், ஒரு மனிதரின் கை வெந்துகொண்டிருந்தது, அதைத் தடுக்கும் தகுதி ஒருவருக்கும் இல்லை.

“நிறம் என்னம்மா?” என்றார் தலைவர். குரல் லேசாக மேலே போயிருந்தது.

“கைய எடுங்க சார்.”

“நிறம்?”

அவள் அழ ஆரம்பித்திருந்தாள். “மஞ்சள் சார். எடுங்க.”

“சூடு?”

“முப்பத்தேழு. முப்பத்தேழுதான் சார். கைய எடுங்க.”

அவர் கையை எடுத்தார். அதை யாரும் நேராகப் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்த்தார். பிறகு வெளித்தேர்வாளர் பக்கம் திரும்பி, பெருமிதத்தோடு சொன்னார்: “படிஞ்சுட்டா.”

சிறப்புத் தகுதியில் தேர்ச்சி கொடுத்தார்கள். வருகை திரும்பி வந்தது. மூன்று வருடமும் அவள் வந்தாள் என்றாயிற்று. மாதக் கடைசிக்குள் பட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டி மருத்துவமனையில் சேர்ந்தாள். அடுப்பு எரிந்தது. ஓட்டுநர், சந்தித்தவர்களிடமெல்லாம் தன் மகள் இரத்தத்தைப் பார்த்தே சர்க்கரை சொல்லிவிடுவாள் என்று கூறிக்கொண்டு திரிந்தார். தலைவர் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு இடது கையால் கையெழுத்துப் போடக் கற்றார். அந்தக் கையெழுத்துதான் அவள் பட்டத்தில் இருக்கிறது.

இதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அடுத்த ஆண்டுத் தேர்வுக் காலத்தில், அவள் வேலை செய்த மருத்துவமனைக்கு அதே கல்லூரியிலிருந்து ஒரு மாணவியைக் கூட்டிவந்தார்கள். வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை வெந்து, தோல் கழன்றிருந்தது. பின்னாலேயே இன்னொருத்தி. அதற்குப் பின்னால், வெளியே நீள் இருக்கையில், வரிசையாக இன்னும் சிலர். எல்லாரும் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாக, முறை வரும்வரை காத்திருந்தார்கள்.

மருத்துவர் முதல் பெண்ணிடம் என்ன தண்ணீர் கொட்டியது என்று கேட்டார். கொட்டவில்லை, தேர்வு என்றாள் அவள். தேர்வில் எப்படிக் கை வேகும் என்றார். வேகவில்லை, தொட்டித் தண்ணீர் முப்பத்தேழுதான் என்றாள். வலியில் அவள் பல் கிட்டியிருந்தது.

மருத்துவர், இரத்தம் எடுக்கக் குனிந்திருந்த ஓட்டுநரின் மகளைப் பார்த்தார். “நீங்களும் அந்தக் காலேஜ்தானே? என்ன தொட்டி அது?”

அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

“கொதிக்கிற தொட்டி டாக்டர்,” என்றாள். நடைபாதை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். “நான் படிச்சப்பவும் கொதிச்சுது. அது ஒருநாளும் முப்பத்தேழுல இருந்ததில்ல.”

படுக்கையில் கிடந்த பெண் தலையைத் திருப்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ ஒரு வேடிக்கை தனக்கு மட்டும் புரியாமல் போனதுபோல் ஒரு குழப்பம்தான்.

“விளையாடாதீங்கக்கா,” என்றாள். “கை வைக்கப் பயப்படுறவங்களுக்கு உங்களைத்தான் சொல்லிக் காட்டுறாங்க. கொதிக்குதுன்னு சொன்ன பொண்ணே கடைசியில முப்பத்தேழுதான்னு அழுதுக்கிட்டே ஒத்துக்கிட்டா, உங்களுக்கு என்ன பயம்னு எங்களைக் கேக்குறாங்க. அதைக் கேட்டுத்தானே நாங்க கைய விட்டோம்?”